சேங்கொட்டைப் புள்ளிகள்

விரல் நீளத்தில் ஒரு கண்ணாடித் துண்டு என் பெட்டியின் அடியில் கிடக்கிறது. அதன் நடுவில், மெல்லிய கண்ணாடி வில்லை ஒன்றின் கீழே, உளுந்தளவு சதைச் சீவல் ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் ஒட்டிய காகிதத்தில் என் கையெழுத்தில் ஓர் எண் மட்டும் உண்டு, பெயர் கிடையாது. அதை ஒரு வெள்ளைத் துணித் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். துணியில் சில கறுப்புப் புள்ளிகள் உண்டு, அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வருஷத்தில் இரண்டு தரமாவது இந்தக் கண்ணாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, இதை இன்னும் எதற்கு வைத்திருக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, திரும்பவும் சுற்றி வைத்துவிடுவேன்.

இன்று காலையில் அதை எடுக்க வைத்தது வள்ளியூரிலிருந்து வந்த ஒரு கடுதாசி. எழுதியவள் என் அண்ணன் மகள். எல்லாரும் சுகம், மூத்தவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது என்று வழக்கம்போல் எழுதிவிட்டு, கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி ஒரு விஷயம் சேர்த்திருந்தாள். கொஞ்ச நாளாக அவளுக்குத் தோலில் கரப்பான் அரிப்புத் தொந்தரவாம். அந்தக் காலத்தில் நான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரும் வெள்ளைக் களிம்பு இப்போதும் கிடைத்தால் ஒரு டப்பா அனுப்ப வேண்டுமாம். கரப்பான் எந்த இடத்தில் என்று எழுதவில்லை. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வாசலுக்கும் கொல்லைக்குமாக எத்தனை நடை நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

அவளுடைய அம்மா, என் மதனி, வள்ளியூரிலிருந்துதான் எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு வாழ வந்தாள். அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எண்ணிப் பேசுகிற மனுஷன். மதனி அதற்கு நேர் எதிர். நடை என்றால் ஓட்டம், பேச்சு என்றால் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்து. மிஷன் கோயிலில் ஞானப்பாட்டு பாடும்போது அவள் குரல் மட்டும் எல்லாருக்கும் முன்னால் ஓடி, கடைசியில் தனியாக நின்று மற்றவர்களுக்காகக் காத்திருக்கும். அண்ணன் தலையைக் குனிந்துகொள்வார். வீட்டுக்கு வந்ததும், பாட்டை ஏன் இழுக்கிறார்கள், எல்லாருக்கும் வீட்டில் அடுப்பு இல்லையா என்று அவள் கேட்பாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் கல்யாணம் வேண்டாம் என்று நின்றபோது ஊரே என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. அவள் மட்டும், விருப்பம் இல்லாதவளை எதற்குத் தள்ளிவிடுகிறீர்கள் என்று அண்ணனிடம் சண்டை போட்டாள். இவ்வளவு வாய் உள்ளவளுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் வாய் அடைத்துப்போகும். உடம்பைப் பற்றிப் பேசமாட்டாள். மூன்று பிள்ளை பெற்றதும் கதவைச் சாத்திக்கொண்டுதான். ஒரு சத்தம் வெளியே கேட்டதில்லை.

அப்போது நான் பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். மிஷன் லேஸ் பள்ளியில் பின்னல் பழகிய கை என்னுடையது. அட்டையில் ஊசியால் குத்திக் குத்தி மாதிரி எடுப்பேன். ஒரு துளை தப்பாது. ஆஸ்பத்திரியை நடத்திய வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருநாள் லேஸ் பார்க்க வந்தவள், லேஸை விட்டுவிட்டு என் விரல்களைப் பார்த்தாள். அடுத்த மாதமே ஆஸ்பத்திரியின் கடைசி அறைக்கு வந்துவிட்டேன். நோயாளியின் உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த சதையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சவரக்கத்தியால் காற்றில் பறக்கிற அளவுக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. டாக்டரம்மா அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, இது கெட்ட கட்டி, இது சும்மா கட்டி என்று சொல்வாள். மெழுகு குளிர்தேசத்துச் சாமான். எங்கள் ஊர் சித்திரை வெயிலுக்குக் குழைந்துவிடும். அதனால் புதுப்பானையில் ஈர ஆற்றுமணலை நிரப்பி அதற்குள் மெழுகுக் கட்டியைப் புதைத்து வைப்போம். விடிந்ததும் முதல் வேலையாகச் சீவினால்தான் உண்டு. ஏழு மணி வெயில் வந்தால் சீவல் சுருண்டுவிடும்.

இந்த வேலையால் தெருவில் எனக்கு ஒரு மவுசு. சத்தியமாகச் சொல்கிறேன், அது என் தலைக்கு ஏறியிருந்தது. யாருக்கு எங்கே அரித்தாலும், வீங்கினாலும், என்னிடம்தான் வருவார்கள். அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல நான் நோயின் பெயரைச் சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கொடுக்கிற துத்தநாகக் களிம்பு எப்போதும் வீட்டில் நாலைந்து டப்பா இருக்கும். பெண்கள் உடம்பைக் காட்டக் கூசுவார்கள். நானும் காட்டச் சொல்லமாட்டேன். புடவைக்கு மேலேயே விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள், நான் தலையாட்டிவிட்டு டப்பாவைக் கொடுப்பேன். அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஒரு கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் மதனி அரிசி புடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், அரிப்புக்கு மருந்து இருக்கிறதா என்று கேட்டாள். எங்கே என்றேன். முறத்தைக் கீழே வைக்காமல் தாடையால் இடது மார்பைக் காட்டினாள். காம்பைச் சுற்றித் தோல் சிவந்து செதில் உரிகிறது, சில நாள் நீர் கசிகிறது, அவ்வளவுதான் என்றாள். கடைக்குட்டி பால் மறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கரப்பான்தான் என்று சொல்லிவிட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. களிம்பு டப்பாவைக் கொடுத்து, கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது, பத்தியம் இரு என்றேன். மதனி கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவள். ஆனாலும் பத்தியம் இருந்தாள். பத்து நாளில் செதில் உதிர்ந்து தோல் வெளுத்தது என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு திரும்ப வந்தது. திரும்பக் களிம்பு, திரும்பப் பத்தியம். வந்ததற்கு அவள் திருட்டுத்தனமாகத் தின்ற கருவாட்டைக் காரணம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். உண்மையில் தின்றாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக்குத் துணி வெளுத்தவள் என்னைவிட இருபது வயது மூத்தவள். அப்படிப்பட்டவளை வீட்டில் எல்லாரும், சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, ‘ஏளா’ என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு அது யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும் உறுத்தவில்லை. ஆற்றங்கரையில் வெள்ளாவி வைத்து வெளுத்து, வாரம் ஒருமுறை மூட்டையோடு கொல்லை வாசலுக்கு வருவாள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு சனிக்கிழமை, மதனி உள்ளே இருக்கும்போது, என்னைக் கிணற்றடிக்கு வரச் சொல்லி மதனியின் வெள்ளை ரவிக்கையை விரித்துக் காட்டினாள். மதனி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுப் போகிற ரவிக்கை அது. இடது பக்கத்தில் துரு நிறத்தில் ஒரு கறை. அதைச் சுற்றி, துணிக்கு அடையாளம் போடுகிற சேங்கொட்டை மையால் பொட்டுப் பொட்டாகப் புள்ளி வைத்திருந்தாள். போகாத கறை வந்தால் வெளுப்பவர்கள் அப்படிச் செய்வது வழக்கம். கறை வீட்டிலிருந்தே வந்தது, ஆற்றில் பட்டதில்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் சேங்கொட்டை மை ஜென்மத்துக்கும் போகாது. கோயில் ரவிக்கையில் போய் இதை வைத்தாயே என்று எனக்குச் சுள்ளென்று வந்தது.

“பால் கறை போயிரும், ரத்தக் கறையும் போயிரும் அம்மா,” என்றாள் அவள். “இது உவர்மண்ணு போட்டும் போகல. வாரா வாரம் அதே இடத்துல வருது. நீங்க ஆஸ்பத்திரில இருக்கியள்லா, என்னன்னு பாருங்க.”

அது நான் கொடுத்த களிம்பின் கறை என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பைய, “களிம்பு வெள்ளைல்லா?” என்றாள்.

அந்த ஒரு கேள்வி போதும், மூளை உள்ளவளுக்கு. எனக்கு மூளைக்கு முன்னால் வாய் வந்துவிட்டது. துணி வெளுப்பது உன் வேலை, வைத்தியம் என் வேலை, இனிமேல் எங்கள் வீட்டுத் துணியில் புள்ளி வைத்தாயானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சொன்னேன். அவள் ரவிக்கையை மடித்துத் துவைகல்லில் வைத்துவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அந்த மடிப்பைக்கூட இப்போது என்னால் வரைந்து காட்ட முடியும். ஓரம் ஓரத்தோடு பொருந்தி, கறை உள்ளே மறையாமல் மேலே தெரியும்படி மடித்திருந்தாள்.

இரண்டு மாதம் கழிந்தது. மதனி அதே ரவிக்கையை ஞாயிறு தவறாமல் போட்டாள். வேறு வெள்ளை ரவிக்கை இல்லாமலா? அண்ணன் பண்டிகைக்கு எடுத்துக் கொடுத்தது பெட்டியில் புதுக்கருக்கோடு இருந்தது. புள்ளி வைத்ததைப் பிடித்துக்கொண்டு வீம்புக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன். வைகாசி மாதம் ஒருநாள் காலை, துணிகளை மடித்து வைக்கும்போது அந்த ரவிக்கை என் கைக்கு வந்தது. கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பழகிய கை, தன்னையறியாமல் ரவிக்கையையும் ஜன்னலுக்கு நேரே பிடித்தது. என் மிரட்டலைச் சட்டை செய்யாமல் வெளுப்பவள் புள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். உள்ளே சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வட்டம். அதைச் சுற்றி நெல்லிக்காய் அளவுக்கு இன்னொன்று. அதற்கும் வெளியே எலுமிச்சை அளவுக்கு மூன்றாவது. கரப்பான் இங்கே மறையும், அங்கே வரும். ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு வட்டம் வட்டமாக வளராது. இதை நான் எத்தனையோ தரம் டாக்டரம்மா வாயால் கேட்டிருக்கிறேன். 

ரவிக்கையைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா வேதப்புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவள். அவள் பேசினால் பிரசங்கம் கேட்கிற மாதிரி இருக்கும், நாங்கள் மறைவில் சிரிப்போம். அன்று சிரிப்பு வரவில்லை. அவள் மேசையில் ரவிக்கையை விரித்து, மூன்று வட்டங்களையும் அளவுகோல் வைத்து அளந்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். சொன்னேன். என்ன மருந்து, யார் கொடுத்தது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். பிறகு அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

“நீ அதைக் கண்டாயா?”

இல்லை என்றேன். “ஐந்து மாதம்,” என்றாள்.  நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன்.

மதனியை அழைத்துவர மூன்று நாள் ஆயிற்று. ஒன்றுமில்லாததற்கு ஆஸ்பத்திரியா என்றாள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள், அப்பளத்துக்கு மாவு பிசைந்துவிட்டேன் என்றாள். கடைசியில் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மாவின் அறையில் திரைக்குப் பின்னால் அவள் ரவிக்கையைக் கழற்றியபோதுதான் நான் முதல்முதலாக அதைப் பார்த்தேன். காம்பு உள்ளே இழுத்துப்போய், அதைச் சுற்றிலும் தோல் பச்சைப்புண்ணாகச் சிவந்து, ஓரம் மட்டும் கோடு போட்டதுபோல் தெளிவாக இருந்தது. ஒருமுறை பார்த்திருந்தால் போதும், நான்கூட டப்பாவைக் கீழே வைத்திருப்பேன். டாக்டரம்மா விரலால் மார்பு முழுவதும் அழுத்திப் பார்த்தாள். கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. காம்பில் இப்படிக் கரப்பான் வேஷத்தில் வருகிற அபூர்வமான புற்று ஒன்று உண்டு, தன் வாழ்நாளில் கண்டதில்லை, புத்தகத்தில் படித்ததுதான் என்றாள். சதையைக் கிள்ளிப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து உளுந்தளவு வெட்டி எடுத்து, என் கையிலிருந்த ஸ்பிரிட் சீசாவில் போட்டாள்.

அடுத்த ஒரு வாரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. சதை கொஞ்சம்தான். கெடுத்தால் திரும்ப வெட்டவேண்டும். திரும்ப வெட்ட மதனி வரமாட்டாள். வெயிலோ தீயாய் எரிந்தது. முதல் நாள் சீவியது சுருண்டுவிட்டது. இரண்டாம் நாள் கத்தி தடம் விழுந்து கிழிந்தது. அதோடு இன்னொரு தொல்லை. சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்ததால் கப்பல் சரியாக வரவில்லை; நீலச் சாயம் இருந்தது, சிவப்புச் சாயம் தீர்ந்துபோயிருந்தது. டாக்டரம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் நோட்டுத் திருத்துகிற சிவப்பு மையை வாங்கிவரச் சொன்னாள். இரண்டும் ஒரே சரக்குதானாம். அண்ணனிடமே போய் வாங்கிவந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

வீட்டில் மதனி என்னைச் சும்மா விடவில்லை. சீவலைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு முட்டையின் வெள்ளைக்கரு தடவுவோம். முட்டை கேட்டபோது அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, என் சதைய என்னதான் பண்ணுத? மெழுகுன்னு சொல்லுத, முட்டைன்னு சொல்லுத, பானைல மண்ணுல பொதைச்சு வச்சிருக்கேன்னு சொல்லுத. ஊறுகாயா போட்டிருக்க?”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுக்களைக்குப் பின்னால் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

ஐந்தாம் நாள் விடியலில் கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று. நாடாப்போல வந்தது சீவல். ஒட்டி, உலர்த்தி, நீலமும் சிவப்பும் ஏற்றினேன். டாக்டரம்மா வர இன்னும் நேரம் இருந்தது. அவள் பார்ப்பதற்குமுன் நான் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். அன்று அந்தச் சட்டத்தை மீறினேன். நல்ல தோலில் செல்கள் நெருக்கமாக, ஒரே சீராக, நான் குத்தின லேஸ் மாதிரி வரிசையாக இருக்கும். இதிலும் வரிசை இருந்தது. ஆனால் அந்த வரிசைக்குள்ளே, பொடியரிசியில் ஜவ்வரிசி கலந்த மாதிரி, வெளுத்துப் பருத்த உருண்டைகள் தனித்தனியாகவும் கூட்டமாகவும் கிடந்தன. எனக்கு அவற்றின் பெயர் தெரியாது. அவை அங்கே இருக்கவேண்டியவை அல்ல என்பது மட்டும் தெரிந்தது. டாக்டரம்மா வந்தாள், பார்த்தாள், புத்தகத்தைத் திறந்தாள், திரும்பப் பார்த்தாள். அதுதான் என்றாள்.

ஆனாலும் அவளுக்கு ஒரு கலக்கம். கைக்குக் கட்டி தட்டாத ஒரு மார்பை, வாழ்க்கையில் ஒரே ஒரு கண்ணாடியில் பார்த்ததை நம்பி, முழுவதுமாக எடுக்கலாமா? சென்னையில் ஒரு பெரிய டாக்டருக்கு அனுப்பிக் கேட்கலாம் என்று ஒரு கண்ணாடியைப் பஞ்சில் பொதிந்தாள். வழியில் உடைந்துவிட்டால்? அதற்காகப் படமும் வரைந்து அனுப்பவேண்டும். அன்று பகல் முழுவதும் ஒரு கண்ணைக் குழாயில் வைத்துக்கொண்டு, மறு கண்ணால் காகிதத்தைப் பார்த்து, லேஸுக்குக் குத்துகிற மாதிரி ஊசியால் குத்திக் குத்தி அந்த வெளுத்த உருண்டைகளை இடம் பிசகாமல் எடுத்து, மையால் இணைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் வரைந்ததில்லை. அந்த அழகு எனக்கே வெறுப்பாக இருந்தது. பதில் வர இரண்டு வாரமோ மூன்று வாரமோ ஆகும். பதில் வரட்டும், பிறகு வெட்டலாம் என்றார் அண்ணன். தப்பாகிவிட்டால் போன உறுப்பு திரும்பி வருமா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. டாக்டரம்மா, நோயாளியே சொல்லட்டும் என்றுவிட்டாள்.

அன்று சாயங்காலம் மதனி பின்வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் ஒரு பிடியை எடுத்து ஆய ஆரம்பித்தேன்.

“நீ பாத்தியா?” என்று கேட்டாள்.

“பாத்தேன் மதனி.”

“உன் கண்ணால?”

“என் கண்ணாலதான். கரப்பான் இல்ல.”

ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள். “அப்ப அறுக்கச் சொல்லு. மெட்ராசுக்காரன் என்னத்துக்கு?” என்றாள்.

மறுநாளுக்கு மறுநாள் மார்பை எடுத்தார்கள். எடுத்ததை டாக்டரம்மா என் அறைக்கே அனுப்பினாள். உள்ளே ஆழத்தில், விரலுக்கு எட்டாத இடத்தில், மிளகு அளவுக்குக் கட்டி ஒளிந்திருந்தது. அக்குளிலிருந்து எடுத்த முடிச்சுகளில் இரண்டில் புற்று ஏறியிருந்தது. அதைப் பார்த்தவளும் நான்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால் வெட்டியிருந்தால் அந்த இரண்டும் சுத்தமாக இருந்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். தெரியாது என்றாள். இருந்திருக்கும் என்றாலும், இருந்திராது என்றாலும், நான் எப்படியாவது தேறியிருப்பேன். தெரியாது என்ற அந்தப் பதில்தான் இத்தனை வருஷமாக என்னை உட்கார விடாமல் அடிக்கிறது.

சென்னையிலிருந்து பதில் வந்தபோது மதனி எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள். டாக்டரம்மா நினைத்தது சரி, கண்ணாடி உடையாமல் வந்தது, படத்தை மாணவர்களுக்குக் காட்ட வைத்துக்கொள்ளலாமா என்று எழுதியிருந்தார்கள். நான் வாசித்துக் காட்டினேன்.

“என் மாரு மெட்ராஸ் பாத்துட்டு. நான்தான் இன்னும் பாக்கல,” என்றாள் மதனி.

பிறகு ஏழு வருஷம் இருந்தாள். இடது கை தோளுக்குமேல் எழும்பாது. ரவிக்கைக்குள் பஞ்சு உருண்டை தைத்து வைத்துக்கொண்டாள். மூத்த மகளுக்கு வள்ளியூரில் தன் சொந்தத்திலேயே மாப்பிள்ளை பேசி முடித்தாள். கல்யாணப் பாட்டிலும் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். அந்த ஏழு வருஷமும் நான் அவளிடம் ஒன்றைச் சொல்லத் தவித்தேன். துணி வெளுப்பவள் லெந்திலேயே என்னிடம் வந்து காட்டினாள், நான்தான் விரட்டிவிட்டேன் என்று. எத்தனையோ தரம் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தரமும் அவள் ஏதாவது வேலை ஏவிவிடுவாள். கடைசியில் முதுகெலும்பில் வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது, இன்று சொல்லியே தீருவது என்று கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். “விடுட்டி, போ, கஞ்சி ஆறுது,” என்றாள். அந்த வாரமே போய்விட்டாள்.

அவள் துணிமணிகளை, வழக்கப்படி, வெளுப்பவளுக்கே கொடுத்தோம். நாலு நாள் கழித்து அவள் அந்த வெள்ளை ரவிக்கையை மட்டும் திரும்பக் கொண்டுவந்தாள். பழையபடி ஓரம் ஓரத்தோடு பொருந்த மடித்திருந்தாள். கொல்லை வாசலில் நின்று, இது உங்களிடம் இருக்கட்டும் என்றாள். அன்றைக்கு நான் அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டு, அப்போது பேசியதற்கு மன்னிக்கச் சொன்னேன். அவள் சங்கடப்பட்டுத் தரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“நானா வரலம்மா. உங்க மதனிதான் போய்க் காட்டுன்னு சொன்னாவ. நாத்தனாகிட்ட எப்படித் தொறந்து காட்டுவேன், அவளா ஒருநாள் கேப்பாள்னு பாக்கேன், கேக்க மாட்டக்காளேன்னு அழுதாவ. நீங்க ஏசினதப் போய்ச் சொன்னேன். சரி, நீ புள்ளிய வச்சிட்டே வா, நான் இதையே போட்டுட்டு அவ கண்ணு முன்னால திரியுதேன், என்னைக்காவது பாப்பாள்ன்னாவ.”

நான் வீம்பு என்று நினைத்தது அதைத்தான். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகும்போது என் முன்னால் நடந்தாள். சாப்பாடு போடும்போது எனக்கு நேரே குனிந்தாள். வாயாடி என்று ஊர் சொன்ன என் மதனி அத்தனை நாளும் வாய் திறக்காமல் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் சொல்லத் தவித்த விஷயம் ஏழு வருஷமும் அவளுக்குத் தெரியும். என்னைக் குற்றவாளி ஆக்கிவிடக்கூடாது என்றுதான் ஒவ்வொரு தரமும் வேலை ஏவினாள். ரவிக்கையில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதில் இந்தக் கண்ணாடியைச் சுற்றி வைத்தேன்.

இப்போது சதைக்குள்ளே கதிர் விட்டுப் படம் பிடிக்கிற யந்திரங்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் வந்துவிட்டன. சாயத்துக்குப் பள்ளிக்கூட மை தேடவேண்டியதில்லை. ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் என் கண்ணாடியில் சிவப்பு முழுவதும் வெளிறிப்போய்விட்டது. நோட்டுத் திருத்துகிற மை அவ்வளவுதான் தாங்கும். நீலம் மட்டும் புகைபோல் கொஞ்சம் நிற்கிறது. அந்த வெளுத்த உருண்டைகளை யாரும் இனி இதில் கண்டுபிடிக்க முடியாது. துணியில் சேங்கொட்டைப் புள்ளிகள் மூன்று வட்டமும் வைத்த அன்றைக்கு இருந்த மாதிரியே கறுப்பாக இருக்கின்றன.

மதனியின் மகளுக்கு இப்போது, அவள் அம்மாவுக்கு நோய் கண்டபோது இருந்த வயதைவிட ஏழெட்டு வயது கூடுதல். அவள் கரப்பான் முழங்கையில் இருக்கலாம், காலில் இருக்கலாம், வெறும் வேர்க்குருவாகக்கூட இருக்கலாம். இடத்தை எழுதாமல் ஏன் விட்டாள் என்று மட்டும் மனசு திரும்பத் திரும்பக் கேட்கிறது. பதில் கடுதாசி எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரிக்குமேல் ஓடவில்லை, கிழித்துப் போட்டேன். பதினொரு மணிக்கு வள்ளியூர் பஸ் இருக்கிறது. கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பையில் ஒரு மாற்றுப் புடவை போட்டேன். கடைக்குப் போய்க் களிம்பு வாங்கவில்லை. மூக்குக்கண்ணாடியை முந்தானையால் நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.